மணிக்கட்டு வலிக்கு மெக்கானிக்கல் கீபோர்டு: ஸ்விட்சைக் கடைசியில் பார்க்கலாம்

பிப்ரவரி 3

வாசகர் ஒருவரின் கேள்வி:

"நாளெல்லாம் டைப் அடிக்கும் வேலை. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். சாயங்காலம் ஆனால் இரண்டு மணிக்கட்டிலும் சுண்டுவிரல் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. மெக்கானிக்கல் கீபோர்டுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். பிரவுன் ஸ்விட்ச் வாங்கவா, ரெட் வாங்கவா?"

பிப்ரவரி 3, இரவு

இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது என்று சொன்னீர்களே, அதுதான் இதில் முக்கியமான தகவல். கீபோர்டில் கை வைத்தபடியே குனிந்து பாருங்கள். முழங்கைகள் உடம்பின் அகலத்துக்கு விலகி இருக்கும். விரல்கள் மட்டும் நெஞ்சுக்கு நேரே ஒரு சாண் இடத்துக்குள் வந்து கூடியிருக்கும். முன்கை உள்நோக்கிச் சாய்ந்து வருகிறது, விசை வரிசையோ நேராக இருக்கிறது, ஆகவே விரல்களை வரிசையில் நிறுத்த மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க அப்படி மடங்கிய நிலையில்தான் விரல்கள் ஓடுகின்றன. எவ்வளவு நல்ல ஸ்விட்சைப் போட்டாலும் அந்தக் கோணம் மாறாது.

மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக ஸ்பிரிங் வைத்த ஸ்விட்ச் இருக்கிறது, அவ்வளவுதான். விற்பனையில் இருக்கும் மெக்கானிக்கல் பலகைகளில் பெரும்பாலானவை பழைய நேர்ப்பலகையே, உயரம் மட்டும் கூடுதல். அந்த உயரம் வேறு ஒரு தொல்லையைக் கொண்டுவரும், அதை அப்புறம் எழுதுகிறேன்.

நான் பார்க்கும் வரிசை இது: முதலில் இரண்டு கைகளுக்கு நடுவே இடைவெளி, அடுத்து உயரமும் சாய்வும், அடுத்து கட்டைவிரலுக்கு என்ன வேலை என்பது, கடைசியில் ஸ்விட்ச். பலர் கடைசியில் இருப்பதை முதலில் வாங்கிவிட்டு மற்றதற்கெல்லாம் வழி இல்லாமல் நிற்கிறார்கள்.

பிப்ரவரி 4, காலை

இதை நேற்றே சொல்லியிருக்கலாம். வலி என்றால் மேலே எழுதியது பொருந்தும். மரத்துப்போகிறது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, பிடி நழுவுகிறது என்றால் கீபோர்டு பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடு வழியாகப் போகும் நரம்பைச் சந்தேகிப்பார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் அது வேறு நரம்பு, பல நேரம் முழங்கையில் நசுங்கும் விஷயம். இரண்டு கைக்கும் தனித்தனியாகப் பிரித்த கீபோர்டு மணிக்கட்டின் வளைவைக் குறைக்கும் என்பது அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. நரம்பு நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 5

ஒருவர் கேட்கிறார்: "நான் ரெட் ஸ்விட்சுக்கு மாறினேன், வலி போய்விட்டது, நீங்கள் ஏன் ஸ்விட்சை இப்படி ஒதுக்குகிறீர்கள்?"

உங்களுக்குப் போயிருக்கும், நம்புகிறேன். ரப்பர் குமிழ் வைத்த சாதாரண கீபோர்டில் ஏறக்குறைய அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை ரெட் ஸ்விட்சில் மொத்த ஆழம் 4 மி.மீ., எழுத்து 2 மி.மீ.-இலேயே பதிவாகிவிடும், அதற்கு 45 சென்டிநியூட்டன் விசை போதும், தோராயமாக 46 கிராம் எடை. அடிவரை குத்தாமல் பாதியில் விரலை எடுக்கப் பழகியவருக்கு விரல் மூட்டுகளில் அடி குறையும். ஆக விரல் நுனியிலும் மூட்டிலும் வலி என்றால் ஸ்விட்ச் உதவக்கூடும். கேள்வி கேட்டவருக்கு வலி இருப்பது மணிக்கட்டின் பக்கவாட்டில், அங்கே ஸ்விட்சால் ஒன்றும் செய்ய முடியாது.

பிப்ரவரி 5, மாலை

செலவில்லாத முதல் வேலை: கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். அதைத் தூக்கி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். விசைகளைப் பார்த்து அடிப்பவருக்கு எழுத்துகள் தெளிவாகத் தெரியும் என்பதைத் தவிர அந்தக் கால்களால் கைக்கு ஒரு நன்மையும் இல்லை. முடிந்தால் முன்பக்கம் சற்று உயர்ந்து பின்பக்கம் தாழும்படி வையுங்கள்.

அடுத்தது எண் பலகை. அது ஏறத்தாழ 8 செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்கிறது, வலது கை மவுஸுக்குப் போகும்போதெல்லாம் அந்த 8 செ.மீ. தோளில் போய் விழுகிறது. கணக்கு வேலை இல்லாதவர்கள் எண் பலகை இல்லாததையே எடுக்கலாம். எனக்கு மணிக்கட்டுக்கு முன்னால் நிம்மதி கிடைத்தது வலது தோளுக்குத்தான், அதற்கு இந்த ஒரு மாற்றமே காரணம்.

பிப்ரவரி 8

வடிவங்களைப் பற்றிக் கேட்டார்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்றைய கீபோர்டில் வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகி இருப்பது விரலுக்காக வந்த ஏற்பாடு இல்லை. 1874-இல் விற்பனைக்கு வந்த ஷோல்ஸ் அண்ட் கிளிடன் தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் ஓடியது, அவை ஒன்றோடொன்று மோதாமல் இருக்க விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நெம்புகோல் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, விலகல் மட்டும் நிற்கிறது. அதைவிட மோசம், இரண்டு கைகளும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருக்க, விசைகள் இரண்டு கைக்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. வலது கைக்கு அது ஓரளவு ஒத்துப்போகும். இடது கை கீழ் வரிசைக்குப் போக மணிக்கட்டை உள்ளே திருப்ப வேண்டும். உங்கள் இடது மணிக்கட்டில் வலி கூடுதலா என்று கவனித்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் இருந்தது.

வாங்கக் கிடைப்பவற்றில் முதல் வகை ஆலிஸ் வடிவம். ஒரே பலகைதான், நடுவில் விசைகள் பிரிந்து இரு பக்கமும் சாய்ந்திருக்கும், கீக்ரான் க்யூ8 போல. பழகுவதற்கு மிக எளிது. மணிக்கட்டின் பக்கவாட்டு வளைவு குறையும், ஆனால் கைகள் நெஞ்சுக்கு நேரே கூடியிருப்பது அப்படியே இருக்கும், உள்ளங்கையும் மேசையைப் பார்த்துக் கவிழ்ந்தேதான் இருக்கும். 1994-இல் வந்த மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் கீபோர்டும் ஒரே பலகையில் இப்படிப் பிரித்ததுதான், மெக்கானிக்கல் இல்லை, ஆனாலும் கைக்கு அது பல மெக்கானிக்கல் பலகைகளைவிட மேல்.

அடுத்தது முழுக்க இரண்டு துண்டாகப் பிரிந்தது, ஆனால் வரிசைகள் பழையபடி விலகியவை: கினீசிஸ் ஃப்ரீஸ்டைல், டிக்மா ரெய்ஸ், கீக்ரான் க்யூ11. மூளை புதிதாகக் கற்க வேண்டியது குறைவு, இடைவெளி உங்கள் தோளுக்குத் தகுந்தபடி. முதல் தடவை வாங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, விரல் நீளத்துக்கு ஏற்ப நெடுவரிசைகள் ஏறி இறங்கும் பலகைகள்: எர்கோடாக்ஸ், மூன்லாண்டர், வாயேஜர், கார்னி. நடுவிரல் நெடுவரிசை மேலே, சுண்டுவிரல் நெடுவரிசை கீழே. விரல் நேராக மேலும் கீழும் மட்டும் போகும். நான் இப்போது இருப்பது இங்கே. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை, ஆனால் முதல் சில வாரங்கள் கீழ் வரிசை எழுத்துகளெல்லாம் தப்பித் தப்பி விழும், அவசர வேலை இருக்கும் மாதத்தில் தொடங்காதீர்கள்.

கடைசி வகை கிண்ணம் போலக் குழிந்தது. மால்ட்ரான் 1970களிலேயே செய்தது, கினீசிஸ் 1992-இல் கொண்டுவந்தது, இப்போது அட்வான்டேஜ் 360, குளோவ் 80 எல்லாம் இருக்கின்றன. விரல் மடங்கும் வளைவுக்கே விசைகள் வந்து நிற்கும். கை அளவு பொருந்தாவிட்டால் அதே குழிவு தொல்லையாகும், வாங்குமுன் எப்படியாவது கை வைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 9

"பிரித்தது எனக்கு ஒத்துவருமா என்று வாங்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?" நல்ல கேள்வி. எண் பலகை இல்லாத பழைய யுஎஸ்பி கீபோர்டுகள் இரண்டை எடுத்து ஒரே கணினியில் சொருகுங்கள். இடது கையை ஒன்றின் இடப் பாதியில், வலது கையை மற்றதன் வலப் பாதியில் வைத்து டைப் அடியுங்கள். நடுவில் கிடக்கும் பாதிகளைக் கண்டுகொள்ள வேண்டாம், இரண்டையும் உங்கள் முன்கையின் சாய்வுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றில் ஷிஃப்ட் பிடித்து மற்றதில் எழுத்தை அடிக்கலாம், மேக்கில் அப்படியே வேலை செய்யாது. ஒரு வாரம் இப்படி ஓட்டினால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்: எவ்வளவு இடைவெளியில் தோள் தளர்கிறது, நடு விசைகளை எந்தக் கையால் அடிக்கிறீர்கள். இரண்டாவது முக்கியம், ஏனென்றால் நிஜமான பிரித்த பலகையில் நடுவில் இருக்கும் ஒவ்வொரு விசையும் ஒரு பக்கம்தான் இருக்கும், மறு கையால் எட்டிப் பிடிக்கும் பழக்கம் அன்றோடு முடிந்தது.

பிப்ரவரி 12

கட்டைவிரல். உடம்பில் இருப்பதிலேயே வலுவான விரலுக்குச் சாதாரண கீபோர்டு இடைவெளி விசையை மட்டும் கொடுத்திருக்கிறது, அதையும் பலர் ஒரு கட்டைவிரலால்தான் அடிக்கிறார்கள். பேக்ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட், கண்ட்ரோல் எல்லாவற்றையும் சுண்டுவிரல்கள் சுமக்கின்றன. பிரித்த பலகைகளில் கட்டைவிரலுக்கென்று தனி விசைகள் உண்டு, பேக்ஸ்பேஸையும் என்டரையும் அங்கே மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது.

இதில் அளவு வேண்டும். எர்கோடாக்ஸில் ஒரு கட்டைவிரலுக்கு 6 விசைகள், அதில் கையை நகர்த்தாமல் எட்டுவது எனக்கு இரண்டுதான். மற்றவற்றுக்குக் கட்டைவிரலை விரித்து நீட்ட வேண்டும், அதை நாளெல்லாம் செய்தால் கட்டைவிரலின் அடித் தசைநாண் வலிக்க ஆரம்பிக்கும், அது மணிக்கட்டு வலியைவிட ஆறுவதற்கு நேரம் எடுக்கும். வாங்கும்போது கட்டைவிரல் விசை எத்தனை என்று எண்ணாதீர்கள். கையைத் தளரவிட்டு வைத்தால் கட்டைவிரல் தானாக எந்த விசைமேல் விழுகிறது என்று பாருங்கள்.

பிப்ரவரி 13

டென்டிங் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு பாதிகளையும் கட்டைவிரல் பக்கம் தூக்கி, சுண்டுவிரல் பக்கம் தாழ்த்தி வைப்பது. உள்ளங்கை மேசையைப் பார்த்து முழுக்கக் கவிழும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வருகின்றன, டென்டிங் அதைத் தளர்த்துகிறது. 10 பாகை, 15 பாகையில் தொடங்குங்கள். பழைய புத்தகத்தை வைத்து முட்டுக் கொடுத்தே சோதிக்கலாம். ஆனால் தூக்கினால் கட்டைவிரல் பக்கத்தின் உயரமும் கூடும், உள்ளங்கைக்கும் அதற்கேற்பத் தாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் தோள் மேலே ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

தாங்கல் என்றதும் இன்னொன்று. மெத்தை வைத்த தாங்கலில் உள்ளங்கையின் அடிச் சதையை வையுங்கள், மணிக்கட்டை வைக்காதீர்கள், அங்கே நரம்பு மேலாக ஓடுகிறது. டைப் அடிக்கும்போது கை மிதக்க வேண்டும், நிறுத்தும்போது தாங்கலில் இறங்க வேண்டும்.

பிப்ரவரி 17

இத்தனை நாள் பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தோம். கேள்வி கேட்டவர் பாதி நேரம் தமிழில் அடிக்கிறார், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கைக்கு ஓய்வு வேண்டுமென்றால் குறைவாக அடிப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறையில் 'விசைப்பலகை' என்ற சொல்லுக்கு 13 தட்டல். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசை அமைப்பில் வ, இ, ச, ஐ, ப, ப, ல, க, ஐ, ஆக 9. ஒற்று தானாக விழுந்துவிடும், அகரத்துக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம். கிரந்த எழுத்து வந்தால் ஒழிய ஷிஃப்டைத் தொட வேண்டியதில்லை, சுண்டுவிரலுக்கு அதுவே பெரிய விடுதலை. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில், ஆகவே பிரித்த பலகையில் கை மாறி மாறி ஓடும். புதுப் பலகைக்கு எப்படியும் சில வாரங்கள் தடுமாறப் போகிறீர்கள், அதே தடுமாற்றத்தில் தமிழ்99-ஐயும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கற்பதைவிட எனக்கு அது எளிதாகவே இருந்தது.

பிப்ரவரி 18

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் பலகை வாங்கிய பிறகு திகைப்பீர்கள்.

தமிழ்99-இல் வலது சுண்டுவிரலுக்கு ண, ந, ய, ழ, ச, ஞ என்று ஆறு எழுத்து. இதில் ச-வும் ஞ-வும் ஆங்கில எழுத்துகளைத் தாண்டி, சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. கார்னி போன்ற 42 விசைப் பலகையில் ஒரு கைக்கு ஆறு நெடுவரிசைதான். அதாவது ச-வுக்கு ஓர் இடம் கிடைக்கும், அங்கே வழக்கமாக பேக்ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கும். ஞ-வுக்கு மேல் வரிசையில் இடமே கிடையாது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் பரிந்துரைகளில் இந்தச் சிக்கல் வரவே வராது, அவர்களுக்கு அடைப்புக்குறி எப்போதாவது வேண்டும், நமக்கு ச இல்லாமல் ஒரு வாக்கியம் ஓடாது.

நான் செய்தது: பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு அனுப்பிவிட்டு ச-வை அந்த மூலையில் வைத்தேன். ஞ-வை வலது கீழ் மூலையில், ஷிஃப்ட் இருக்கும் இடத்தில். ஷிஃப்டும் கட்டைவிரலுக்கே. அதனால் எந்தப் பலகை வாங்கினாலும் விசைகளை மாற்றி அமைக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலகைக்குள் ஓடும் மென்பொருள் (ஃபர்ம்வேர்) க்யூஎம்கே அல்லது ஜெட்எம்கே என்றால் எதையும் எங்கேயும் வைக்கலாம், மாற்றம் பலகைக்குள்ளேயே பதிவாகும், வேறு கணினியில் சொருகினாலும் கூடவே வரும். தமிழில் நிறைய எழுதுபவர் 42 விசைக்குப் போகாமல் வலப்புறம் கூடுதல் நெடுவரிசை உள்ளதை எடுப்பது இன்னும் நிம்மதி.

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவர் இரண்டு கீபோர்டு சோதனையைச் செய்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். மணிக்கட்டு இழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறதாம், ஆனால் தோள்பட்டை பிடிக்கிறதாம்.

மேசை உயரம். பெரும்பாலான மேசைகள் 73 முதல் 75 செ.மீ., சராசரி உயரம் உள்ள பலருக்கே அது அதிகம், அதன்மேல் கீபோர்டின் உயரமும் சேர்கிறது. நாற்காலியை உயர்த்துங்கள், முழங்கை விசைகளின் மட்டத்துக்கோ ஒரு விரலளவு மேலேயோ வரட்டும், கால் தரையில் படாவிட்டால் அடியில் ஒரு பலகை வையுங்கள். முதல் நாள் சொன்ன உயரத் தொல்லை இதுதான். வழக்கமான மெக்கானிக்கல் பலகை மடிக்கணினி விசைகளைவிடத் தடிமன். மேசையை இறக்க வழி இல்லாதவர்கள் கெய்ல் சாக் போன்ற தட்டையான ஸ்விட்ச் வைத்த பலகையைப் பார்க்கலாம், அதில் மொத்த ஆழமே 3 மி.மீ.

மார்ச் 2

இப்போது ஸ்விட்ச்.

ரெட் வழவழப்பாக இறங்கும். பிரவுனில் எழுத்து விழும் இடத்துக்கருகே சின்ன மேடு ஒன்று விரலுக்குத் தெரியும், அது இருந்தால் சிலர் அடிவரை குத்துவதை விட்டுவிடுகிறார்கள். புளூ சத்தமாக டிக்கென்று சொல்லும், பக்கத்தில் ஆள் இருந்தால் வேண்டாம். பிளாக் 60 சென்டிநியூட்டன், வலி உள்ள கைக்கு வேண்டாம். இலேசாக இருந்தால் நல்லது என்று ஒரேயடியாக 35 கிராமுக்கும் கீழே இறங்காதீர்கள். நான் கொஞ்ச காலம் அப்படி ஒன்றை வைத்திருந்தேன். விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழும், அதைத் தவிர்க்க விரல்களை அந்தரத்தில் தூக்கியே பிடித்திருந்தேன், சாயங்காலம் முன்கையின் மேல்பக்கம் வலித்தது. 45-ஐ ஒட்டித் தொடங்குவது பாதுகாப்பு.

உண்மையில் இந்த முடிவை நீங்கள் இன்று எடுக்கவே வேண்டாம். சாலிடர் இல்லாமல் ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றும் ஹாட் ஸ்வாப் பலகையாக வாங்கினால் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரே பலகையில் சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் இலேசானதைப் போடலாம். எம்எக்ஸ் துளையில் சாக் ஸ்விட்ச் பொருந்தாது, அதை மட்டும் வாங்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். வடிவத்தைப் பிறகு மாற்ற முடியாது.

மார்ச் 3

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு பாதியையும் இணைக்கும் கம்பி ஹெட்ஃபோன் சொருகி போன்றதாக இருந்தால், யுஎஸ்பி-யில் மின்சாரம் இருக்கும்போது அதைச் சொருகவோ பிடுங்கவோ கூடாது. உள்ளே போகும் வழியில் முனைகள் தவறான இடத்தைத் தொட்டு, கட்டுப்படுத்தும் சில்லு போய்விடலாம். முதலில் யுஎஸ்பி-யைக் கழற்றுங்கள், பிறகு நடுக்கம்பி. கூடவே அந்தக் கம்பி உங்கள் தோள் அகலத்துக்குப் போதுமா என்று அளந்து பாருங்கள், பல பலகைகளோடு வருவது குட்டையாகத்தான் இருக்கும்.